பெருமாள் காசும் வெனிஸ் காசும்

திருச்சிக்கும் திருவானைக்காவுக்கும் திருவரங்கத்துக்கும் மண்ணுக்கு மேலே உள்ள வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். மலைக்கோட்டையும் கோபுரங்களும் தெப்பக்குளமும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. மண்ணுக்குக் கீழேயும் ஒரு வரலாறு இருக்கிறது. அது எப்போதாவதுதான் வாய் திறக்கும்.

2020 பிப்ரவரி மாதக் கடைசியில் அப்படி ஒரு முறை வாய் திறந்தது. திருவானைக்கா கோயில் வளாகத்தில் பள்ளம் தோண்டிய பணியாளர்களுக்கு ஏழடி ஆழத்தில் ஒரு உலோகப் பாத்திரம் கிடைத்தது. உள்ளே 505 பொற்காசுகள்! ஒன்று பெரியது, மற்ற 504 சிறியவை. மொத்த எடை 1 கிலோ 716 கிராம். அரபு எழுத்துகள் காணப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. ஊரே இரண்டு நாள் அதைப் பற்றித்தான் பேசியது. "எத்தனை பவுன் தேறும்?" என்பதுதான் பெரும்பாலோர் கேட்ட கேள்வி.

வகுத்துப் பார்த்தால் ஒரு காசுக்குச் சராசரியாக 3.4 கிராம் வருகிறது. இந்த எண்ணை அன்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தென்னாட்டில் பல நூற்றாண்டு புழங்கிய வராகன் என்ற பொற்காசின் எடையும் ஏறக்குறைய அதுதான். அதே காலத்தில் அதைவிட ஒரு நூல் கூடுதலாக, 3.5 கிராம் எடையில், கடல் கடந்து வந்த ஓர் ஐரோப்பியப் பொற்காசும் தென்னாட்டில் உலவியது. இத்தாலியில் தண்ணீரின் நடுவே அமைந்த வெனிஸ் நகரத்தின் டூகாட்டு என்னும் காசு அது. திருவானைக்காப் புதையலின் கதை வேறு. அதை அறிஞர்கள் சொல்லட்டும். இம்மலரில் நான் எழுத எடுத்துக்கொண்டது அந்த வெனிஸ் காசின் கதை. "எத்தனை பவுன்?" என்று நாம் கேட்கிறோமே, அந்தக் கேள்வியும் இந்தக் கதைக்குள்தான் வருகிறது.

ஐந்நூறு ஆண்டு மாறாத காசு

1284ஆம் ஆண்டு. வெனிஸ் நகரம் மன்னர் இல்லாத குடியரசு. அதன் தலைவருக்குத் தோஜே என்று பெயர். அப்போது தோஜேயாக இருந்தவர் ஜோவன்னி தாந்தோலோ. பக்கத்து நகரமான ஃபிளாரன்ஸ் 1252லேயே பொற்காசு அடிக்கத் தொடங்கி வியாபாரத்தில் முந்திக்கொண்டிருந்தது. நாமும் அடிப்போம், அதே தரத்தில் அடிப்போம் என்று வெனிஸ் முடிவு செய்தது. வெனிஸ்காரரான மார்க்கோ போலோ அந்த ஆண்டில் சீனத்தில் இருந்தார். 1271ல் அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது இந்தக் காசே கிடையாது. திரும்பும் வழியில் நம் பாண்டி நாட்டுக் காயல் துறைமுகத்தைக் கண்டு, 1295ல் வீடு போய்ச் சேர்ந்தபோதுதான் தம் ஊர்ப் பொற்காசைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்.

காசு பார்ப்பதற்குச் சிறியது. குறுக்களவு இரண்டு சென்டிமீட்டர் போல இருக்கும். ஒரு பக்கத்தில் அந்நகரின் காவலரான புனித மார்க் நிற்கிறார். அவர் எதிரே தோஜே மண்டியிட்டிருக்கிறார். இருவருக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கொடிக்கம்பு. ஓரத்தில் தோஜேயின் பெயர். மறுபக்கத்தில் நட்சத்திரங்கள் சூழ்ந்த நீள்வட்டத்துக்குள் இயேசுநாதர் நின்று ஆசி வழங்குகிறார். இந்த ஆட்சிப் பகுதி உமக்கே உரியது என்று அவரிடம் ஒப்படைக்கும் லத்தீன் வாசகம் சுற்றி ஓடுகிறது. அதன் கடைசிச் சொல் 'ஆட்சிப் பகுதி' என்று பொருள்படும் டூகாட்டு. காசுக்கும் அதே பெயர் வழங்கிற்று.

இதில் வியப்பு என்னவென்றால், 1797ல் நெப்போலியன் படையின் முன் குடியரசு வீழ்ந்து கடைசித் தோஜே லுதோவீக்கோ மானின் பதவி விலகும் வரை, இந்தப் படமும் எடையும் தரமும் கிட்டத்தட்ட மாறவே இல்லை. ஐந்நூறு ஆண்டு! தோஜேயின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரைக்கு மேல் சுத்தத் தங்கம். நம் பாட்டிமார் சொல்லும் பத்தரை மாற்று என்றால் அதுதான். கையால் வளைத்தால் வளையும் அளவுக்கு மென்மை.

வெனிஸ் நாணயச் சாலைக்குச் செக்கா என்று பெயர். அரபு மொழியில் அச்சு என்று பொருள்படும் சிக்கா என்ற சொல்லே இத்தாலி போய்ச் செக்கா ஆனது. அதிலிருந்து காசுக்குச் செக்கீனோ என்றொரு பெயரும் வந்தது. அந்தப் பெயரை ஆங்கிலேயர் சீக்வின் ஆக்கினர். இன்று நம் வீட்டுப் பெண்கள் ரவிக்கையில் வைத்துத் தைக்கும் பளபளப்பான ஜிகினாப் பொட்டுக்கு ஆங்கிலத்தில் அதே சீக்வின்தான் பெயர். அரபுச் சிக்காவோ இன்னொரு வழியாக இங்கே வந்து சிக்கா ரூபாய் ஆயிற்று. ஒரே சொல், கிழக்கே ரூபாய், மேற்கே ஜிகினா!

எப்படி வந்தது?

மிளகுக்காகவும் துணிக்காகவும்தான் வந்தது. ஐரோப்பியர் தர விரும்பிய சரக்குகள் நமக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. நம் சரக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆகவே எடைக்கு எடை பொன்னும் வெள்ளியும் கொடுக்க வேண்டியதாயிற்று. இது புதிய கதையும் அன்று. ரோமாபுரிப் பொன் இந்தியாவுக்கு ஓடுகிறதே என்று பிளினி புலம்பி இரண்டாயிரம் ஆண்டு ஆகப் போகிறது. அதே காலத்துக் கிரேக்கக் கடற்பயண நூல் ஒன்று குறிப்பிடும் ஆர்காரு என்ற மெல்லிய துணி, நம் உறையூரின் பெயரைத் தாங்கியது என்பது அறிஞர் கருத்து. 1898ல் புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சி அருகே 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. திருச்சியிலிருந்து அது ஒரு நாள் பயணம்கூட இல்லை. அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னர் தலைமேல் உளி வெட்டு இருந்தது. உருவத்தை வெட்டி, பொன்னை மட்டும் மதித்திருக்கிறார்கள் நம்மவர்கள்.

வெனிஸ் காசு அலெக்ஸாந்திரியா வரை வெனிஸ் கப்பலில் போகும். அங்கிருந்து எகிப்தியர், அராபியர் கைமாறிச் செங்கடல் வழியாகக் கோழிக்கோட்டுக்கும் சூரத்துக்கும் வரும். இதன் செல்வாக்கு எத்தகையது தெரியுமா? 1425ல் எகிப்து சுல்தான் அஷ்ரப் பார்ஸ்பே புதுப் பொற்காசு வெளியிட்டபோது, வெனிஸ் காசின் எடைக்கே பொருத்தி அடித்தார். அவர் பெயரால் அது அஷ்ரபி எனப்பட்டது. கதைகளில் நாம் படிக்கும் 'ஆயிரம் அஷ்ரபி' அந்தப் பெயரின் வாரிசுதான்.

மலையாளக் கரையில் இறங்கிய பொன், பாலக்காட்டுக் கணவாய் தாண்டி, கொங்கு நாடு, கரூர் வழியாகக் காவிரிக் கரையோரமாகவே கிழக்கே வருவது பழைய பாதை. ரோமானியக் காசுகள் கொத்துக் கொத்தாகக் கிடைப்பதும் இந்தப் பாதையில்தான். கிழக்கே நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பறங்கிப்பேட்டை, புதுச்சேரி என்று துறைமுகங்கள். இரண்டு பாதைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது நம் திருச்சி. 1560களில் சேசரே ஃபெதரீச்சி என்ற வெனிஸ் வணிகர் விஜயநகரத்தையும் நாகப்பட்டினத்தையும் பார்த்து எழுதி வைத்தார். பிற்பாடு நிக்கோலா மனூச்சி என்ற வெனிஸ்காரர் சென்னையிலேயே குடும்பம் நடத்தினார். திருச்சிச் சீமைக்காரர்களுக்கு இத்தாலியர் என்றால் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் அவருக்கு முன்பே இத்தாலியப் பொன் இந்த நாட்டுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது.

"அட, பனையேறி மாதிரி இருக்கே!"

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. காசு வந்தது, காசின் கதை கூட வரவில்லை. மார்க் யார், தோஜே யார் என்று நம் ஊர்ச் சந்தையில் யாருக்குத் தெரியும்? லத்தீன் எழுத்தை யார் படிப்பார்? ஆனால் கையில் வந்த படத்துக்கு ஒரு பொருள் சொல்லாமல் மனிதன் சும்மா இருக்கமாட்டான் அல்லவா!

நடுவில் நெட்டுக்குத்தாக நிற்கும் கொடிக்கம்பைப் பார்த்தார்கள். பனைமரம்! அதைப் பிடித்தபடி முழங்கால் மடித்திருக்கும் தோஜேயைப் பார்த்தார்கள். மரமேறுகிறவர்! "அட, நம்ம பனையேறி மாதிரி இருக்கே!" முடிந்தது. தென் மாவட்டங்களில் வெனிஸ் காசுக்குச் சாணார் காசு என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்தப் பெயரைப் பதிவு செய்திருக்கிறார். மராட்டியர் அதைப் பொம்மை என்று பொருள்படும் புதளி என்றார்கள். மறுபக்கத்தில் இருக்கும் இயேசுநாதர் உருவமோ, நம் கண்ணுக்குத் திருவாசிக்குள் நிற்கும் உற்சவ மூர்த்தியாகத்தான் தெரியும்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதில் சிரிக்க முடியாத ஒரு பக்கமும் உண்டு. அன்று சாணார் என்று குறிக்கப்பட்டு, பின்னர் நாடார் என்ற பெயரால் தலைநிமிர்ந்த சமூகத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் கோயில் வாசல்கள் மூடியிருந்தன. 1897ல் கமுதி கோயிலில் நுழைந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908ல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அப்படிப்பட்ட காலத்தில், "எங்கள் முன்னோர் அரசாண்டவர்கள், இதோ அவர்கள் அடித்த காசு" என்று இந்த வெனிஸ் காசைச் சான்றாகக் காட்டியவர்கள் இருந்தார்கள். நாணய இயல் அதை ஏற்காது. ஆனால் மனித மனம் அறிந்தவர்கள் அதைக் கேலி செய்யமாட்டார்கள். மதிப்பு மறுக்கப்பட்ட மக்கள், உலகமே மதித்த ஒரு காசில் தங்கள் முகத்தைக் கண்டார்கள். காசு பொய் சொல்லவில்லை. பார்த்தவர்களின் ஏக்கத்தைக் காட்டிற்று.

கம்பெனி அடித்த பெருமாள்

வெனிஸ் காசில் மார்க்கும் இயேசுநாதரும். சரி, அதே காலத்தில் ஐரோப்பியர்கள் இங்கேயே அடித்த காசில் என்ன இருந்தது? பெருமாள்!

1639ல் சென்னைப் பகுதியில் இடம் பெற்றபோதே நாணயம் அடிக்கும் உரிமையையும் ஆங்கிலக் கம்பெனி நாயக்கரிடம் வாங்கிக்கொண்டது. தங்கள் மன்னர் தலையைப் போட்டு அடித்தால் இங்கே யார் வாங்குவார்கள்? ஆகவே திருமால் நடுவில், இருபுறமும் தேவிமார் என்று மூன்று சுவாமி வராகன் அடித்தார்கள். 1740 வாக்கில் ஒருபுறம் திருமால், மறுபுறம் நட்சத்திரம் என்று நட்சத்திர வராகன் வந்தது. நாகப்பட்டினத்து டச்சுக்காரர்களும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களும்கூட வராகனே அடித்தார்கள். ஜப்பானிலிருந்து டச்சுக்காரர் ஏற்றி வந்த தங்கம்கூட இங்கே உருகி வராகனாயிற்று.

ஆக, புராட்டஸ்டன்டு கம்பெனி பெருமாளை அச்சடித்துக்கொண்டிருந்தது. நம் குடும்பப் பெண்கள் இயேசுநாதரைக் காசுமாலையில் கோத்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் இதில் ஒரு சங்கடமும் இல்லை. ஏனென்றால் காசுக்குக் கடைசித் தீர்ப்புச் சொன்னவர் சாமியும் இல்லை, மன்னரும் இல்லை. உரைகல்லோடு உட்கார்ந்திருந்த சராப்புதான். காசு நோட்டம் பார்ப்பவருக்குச் சங்க காலத்திலேயே வண்ணக்கன் என்று பெயர். அந்தப் பெயரோடு புலவர்களே இருந்திருக்கிறார்கள்.

அந்த உரைகல் என்ன சொல்லிற்று? நட்சத்திர வராகனின் எடை 3.4 கிராம். ஆனால் அது ஏறக்குறைய 19 காரட் தங்கம். அதனுள் இருக்கும் சுத்தப் பொன் சுமார் 2.7 கிராம்தான். வெனிஸ் காசிலோ ஏறக்குறைய 3.5 கிராமும் பொன்னே. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் ஒன்றில் மற்றதைவிடக் கால் பங்குக்கு மேல் பொன் கூடுதல். அதனால்தான் வராகன் கடைத்தெருவில் சுற்றியது; வெனிஸ் காசு கழுத்துக்கும் பெட்டிக்கும் போயிற்று. செலவழிக்க ஒரு காசு, சேமிக்க ஒரு காசு. நம்மவர்கள் கணக்கில் சோடை போனதே இல்லை.

பொன் மண்ணுக்குள் போன காலம்

சேமித்த பொன் எல்லாம் எங்கே போயிற்று என்பதற்கு விடை திருச்சியின் 18ஆம் நூற்றாண்டு. 1732ல் விஜயரங்க சொக்கநாதர் வாரிசின்றி மறைந்தார். அவர் குடும்பத்தோடு கைகூப்பி நிற்கும் சிலைகளைத் திருவரங்கம் கோயிலில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ராணி மீனாட்சியை ஏமாற்றிச் சந்தா சாகிப் கோட்டையைப் பிடித்தார். 1741ல் மராட்டியர் பிடித்தார்கள். 1743ல் நிஜாம் வந்தார். 1751ல் மறுபடி முற்றுகை. உள்ளே முகமது அலியும் ஆங்கிலேயரும், வெளியே சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும். பிரெஞ்சுத் தளபதி லா திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கி, கோயில் மதில்களையே அரணாக்கிக்கொண்டு, 1752 ஜூனில் சரணடைந்தார். சந்தா சாகிப்பின் தலை கொய்யப்பட்டது. அப்புறமும் நிம்மதி இல்லை. திருச்சியைத் தருவதாகச் சொன்ன வாக்கு என்ன ஆயிற்று என்று மைசூரின் நஞ்சராஜர் கேட்க, இன்னும் மூன்று ஆண்டு சண்டை.

இருபத்தைந்து ஆண்டுக்குள் இத்தனை கொடிகள் மாறிய ஊரில் ஒரு குடும்பத் தலைவர் என்ன செய்வார்? எந்தக் கொடி பறந்தாலும் செல்லுகிற பொருளைச் சேர்ப்பார். அதையும் அடுப்படியிலோ தோட்டத்திலோ புதைத்துவைப்பார். புதைத்தவர் திரும்பி வந்தால் அது சேமிப்பு. திரும்பி வராவிட்டால் நமக்குப் புதையல். ஒவ்வொரு புதையலுக்கும் பின்னால் திரும்பி வராத ஒருவர் இருக்கிறார் என்பதை நாம் மறந்துவிட்டுப் பவுன் கணக்கு மட்டும் போடுகிறோம்.

1797ல் வெனிஸ் குடியரசு மறைந்தது. 1801ல் ஆற்காட்டு நவாபின் ஆட்சி முடிந்து திருச்சி நேரடியாகக் கம்பெனிக்குப் போயிற்று. 1818ல் சென்னை மாகாணத்துக்கு ரூபாயே அடிப்படை நாணயம் என்று ஆனதும் வராகனும் விடைபெற்றது. அதற்குச் சற்று முன்பு, 1817ல், லண்டனில் ஒரு புதுப் பொற்காசு பிறந்தது. எடை 7.988 கிராம், 22 காரட். பெயர் சாவரின். நாம் சவரன் என்கிறோம், பவுன் என்கிறோம். காசு புழக்கத்திலிருந்து போய் எத்தனையோ காலம் ஆயிற்று. பெரிய கடைவீதியில் இன்றும் எட்டு கிராமுக்கு அதுதான் பெயர். "எத்தனை பவுன்?" என்று கேட்கும்போதெல்லாம் நாம் ஒரு ஐரோப்பியக் காசின் பெயரைத்தான் சொல்லுகிறோம். வெனிஸ் காசு நமக்குப் படத்தைக் கொடுத்தது, அதற்கு நாம் கதை கட்டினோம். ஆங்கிலக் காசு எடையைக் கொடுத்தது, அதையே நம் அளவாக்கிக்கொண்டோம்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் கல்லூரித் தோழர்களில் எத்தனை பேர் வங்கியில் இருந்தவர்கள், நகைக்கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள்! நகைத் தொழில் செய்பவர்களும் உண்டு. பாட்டி வீட்டுப் பெட்டியை இனிமேல்தான் திறக்கப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் எல்லோருக்கும்தான் இது.

பழைய நகையைப் போட்டுப் புது நகை எடுக்கும்போது காசுமாலையும் உருக்குக்குப் போகிறது. தராசில் 1650ஆம் ஆண்டுக் காசும் போன வருஷத்துக் காசும் ஒன்றுதான். உருக்கும் குகைக்குள் போட்டபின் தோஜேயும் இல்லை, பனையேறியும் இல்லை. வெனிஸ் காசுகளில் 18ஆம் நூற்றாண்டுக் கடைசித் தோஜேக்களின் பெயர் கொண்டவை ஓரளவு கிடைக்கின்றன. பழையவை அரிது. 1656ல் பிரான்செஸ்கோ கோர்னர் என்பவர் மூன்று வாரம்கூட முழுதாகத் தோஜேயாக இருக்கவில்லை; அதற்குள் காலமானார். அவர் பெயரிட்ட காசு ஒன்று நம் ஊர்க் காசுமாலை எதிலாவது தொங்கினால் உலக நாணய அறிஞர்கள் வரிசையில் நின்று பார்ப்பார்கள்.

ஆகவே உருக்கும் முன் நிதானமாகப் பாருங்கள். கொடிக்கம்பு ஒருபுறம், நட்சத்திரங்களுக்கு நடுவே ஓர் உருவம் மறுபுறம் இருந்தால் தனியே எடுத்துவையுங்கள். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். எடை குறியுங்கள். எழுத்துகள் தெளிவாக, லத்தீனாக இருந்தால் அசலாக இருக்கலாம். எழுத்துகள் வெறும் கோடும் புள்ளியுமாகக் குழம்பியிருந்தால் அது நம் நாட்டுத் தட்டார் பார்த்து அடித்த நகலாக இருக்கும். நகல்தானே என்று ஒதுக்கவேண்டாம்! வெனிஸ் நகரத்தைக் கண்ணால் காணாத ஒரு தட்டார், புரியாத எழுத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய வேலை அது. அதுவும் நம் வரலாறே. வளையம் பற்றவைத்த காசு என்றாலும் அப்படியே இருக்கட்டும். அந்த வளையம்தான் அது நம் ஊருக்கு வந்ததற்குச் சாட்சி. ராணி மங்கம்மாள் மகாலில் உள்ள அரசு அருங்காட்சியகத்திலோ, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலோ காட்டிக் கேளுங்கள்.

மண்ணிலிருந்து கிடைத்தால் விஷயம் வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் முன் இதையும் யோசிக்க வேண்டும்.

காசைப் புதைத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. மாலையில் கோத்த தட்டார் பெயரும் தெரியாது. அவர்கள் நமக்கு விட்டுப்போன கடிதம் இந்தக் காசு ஒன்றுதான். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கிழிக்காமல் வைத்திருப்போம். நமக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளில் யாராவது ஒருவருக்குப் படிக்கத் தெரிந்திருக்கும்.